விறைப்பு ஊசியும் ஆறாத காயங்களும்

வடக்கு வைத்தியசாலைகள் பற்றிய செய்திகள் பெரும்பாலும் புதிய கட்டடம், திறப்பு விழா, ஆளணிப் பற்றாக்குறை என்பவற்றோடு முடிந்துவிடுகின்றன. போரில் காயப்பட்டவர்களுக்கு இன்று என்ன சிகிச்சை தேவை என்ற கேள்வி அவற்றில் வருவதில்லை. அப்படியான ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்: ஸ்கேன் திரையில் நரம்பைப் பார்த்துப் போடும் விறைப்பு ஊசி.

சத்திரசிகிச்சை என்றால் முழு மயக்கம் என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால் கையிலோ காலிலோ செய்யும் பல சத்திரசிகிச்சைகளுக்கு, அங்கே போகும் நரம்பைச் சுற்றி மருந்தைச் செலுத்தி அந்தப் பகுதியை மட்டும் விறைக்க வைக்கலாம். நோயாளி விழித்திருக்கலாம். முடிந்த பிறகும் பல மணிநேரம் வலி அடங்கியிருக்கும். நீரிழிவும் இருதய நோயும் உள்ளவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

முன்னர் உடலின் மேற்புற அடையாளங்களை வைத்தே நரம்பைத் தேடினார்கள். பின்னர் ஊசி வழியே சிறிய மின்தூண்டல் கொடுத்து, விரலோ பாதமோ துடிக்கிறதா என்று பார்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே கால் இல்லாதவருக்கு எந்தப் பாதம் துடிக்கும்? எறிகணைத் தழும்பால் சதை சுருங்கிய இடத்தில் எந்த அடையாளத்தைத் தேடுவது?

ஸ்கேனில் நரம்பும், பக்கத்து இரத்தக்குழாயும், ஊசியும், மருந்து பரவுவதும் தெரிகின்றன. குறைந்த மருந்து போதும். இரத்தக்குழாயில் தவறிக் குத்தும் வாய்ப்பும் குறைவு. உடலில் இரும்புச் சிதறல் உள்ளவர்களுக்கு எம்.ஆர்.ஐ. ஆபத்தாகலாம், இந்த ஸ்கேனுக்கு அந்தத் தடை இல்லை. ஆனாலும் நரம்புச் சேதம் அறவே வராது என்று சொல்ல முடியாது. பயிற்சி பெற்ற கை வேண்டும்.

இது நேற்று வந்த முறையல்ல. கைக்குப் போகும் நரம்புகளை ஸ்கேனில் பார்த்து விறைக்க வைத்ததை வியன்னா வைத்தியர்கள் 1994இல் வெளியிட்டார்கள். பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2009 ஜனவரியில் இம்முறையை ஏற்றது. அதே மாதங்களில் வன்னியில் மயக்க மருந்தே தட்டுப்பாடு, ஐ.நா. நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கையில் அது பதிவாகியிருக்கிறது.

அன்று அவசரமாக வெட்டப்பட்ட கால்களுக்கு இன்றும் சத்திரசிகிச்சை தேவைப்படுகிறது. எலும்பு முனை குத்துகிறது, நரம்பு நுனியில் கட்டி வளர்கிறது, செயற்கைக் கால் உரசிப் புண்ணாகிறது.

இயந்திரம் வாங்கினால் மட்டும் போதாது. 2022 மார்ச்சில் மருந்தில்லாமல் பேராதனை போதனா வைத்தியசாலையே அவசரமற்ற சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. நெருக்கடியில் வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். வட மாகாண சபையின் பதவிக்காலமோ 2018 ஒக்டோபரில் முடிந்துபோனது. ஆகவே கேள்வியை நாங்கள்தான் எழுப்ப வேண்டும்: மாவட்ட வைத்தியசாலை ஒவ்வொன்றிலும் இந்த ஸ்கேன், பயிற்சி பெற்ற மயக்க மருந்து நிபுணர், தரமான மருந்து மூன்றும் ஒன்றாக இருக்கின்றனவா?

சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்கள் உடலிலுள்ள சிதறல்களையும் பழைய சத்திரசிகிச்சைகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். நரம்பை மட்டும் விறைக்க வைத்துச் செய்யலாமா என்று கேளுங்கள். எல்லோருக்கும் அது பொருந்தாது. ஆனால் கேட்பது உங்கள் உரிமை.