ஆட்டுக்குட்டி விற்ற மூவாயிரத்தில் எந்த ரீல் வாங்கலாம்?

கேள்வி: ‘‘எங்களுக்கு வேதாரண்யம் பக்கம் ஒரு கிராமம். இரண்டு ஏக்கரில் சம்பா, அதற்குப் பிறகு உளுந்து. உளுந்தும் எடுத்தாகிவிட்டது. இனி ஆடி வரை வயலில் வேலை இல்லை. டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் என் மகன், ஆற்று முகத்துவாரத்தில் தூண்டில் போட்டு கொடுவா, பாரை என்று கொண்டுவருகிறான். குழம்புக்கு வைத்தது போக விற்கவும் செய்கிறான். போன வருடம் 900 ரூபாய்க்கு வாங்கிய ரீல் நாலே மாதத்தில் இறுகிப் போய்விட்டது. ‘ஒரு பொருளை வைத்துக்கொள்ளத் தெரியாதவன்’ என்று அவன் அப்பா திட்டியதில் இருவருக்கும் சரியாகப் பேச்சு இல்லை. ஆட்டுக்குட்டி விற்ற காசு 3,000 ரூபாய் என்னிடம் இருக்கிறது. கம்பு ஏற்கெனவே இருக்கிறது, ரீல் மட்டும்தான் வேண்டும். கடையில் 900-க்கும் காட்டுகிறார்கள், 9,000-க்கும் காட்டுகிறார்கள். பேரிங் எத்தனை அதிகமோ அத்தனை நல்லது என்கிறார்கள். எதை வாங்கினால் இந்தக் காசு வீணாகாது ஐயா?’’

- ஒரு வாசகி, நாகப்பட்டினம் மாவட்டம்.

பதில்: வணக்கம் சகோதரி. குருத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப் புழு என்று கேட்டே பழகிய இந்தப் பக்கத்துக்கு ரீல் பற்றிக் கேள்வி வந்ததில் எனக்கு சந்தோஷம்தான். கடலோர வட்டாரங்களில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் முகத்துவாரத்தில் கம்பும் கையுமாக நின்றவன். அந்த உரிமையில் உங்கள் வீட்டுக்காரருக்கு முதலில் ஒன்று சொல்கிறேன்: ரீல் இறுகிப் போனதற்குப் பையனை மட்டும் குறை சொல்ல முடியாது. நானே ஒன்றை அப்படிக் கெடுத்திருக்கிறேன்.

பளபளவென்ற உலோக உடம்பு, பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் பன்னிரண்டு பேரிங். அதை நம்பி வாங்கினேன். மீன் பிடித்துவிட்டு வந்தால் இரண்டு நாள் வண்டிப் பெட்டியிலேயே கிடக்கும். பிறகு ஞாபகம் வந்து, வண்டி கழுவுகிற பிரஷர் குழாயில் காட்டுவேன். நன்றாகச் சுத்தம் செய்கிறோம் என்று நினைப்பு. உண்மையில், வெளியே இருந்த உப்பை நானே உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் கழித்து நல்ல கொடுவா ஒன்று கடித்த நேரத்தில் கைப்பிடி அசையவில்லை. மீனும் போயிற்று, ரீலும் போயிற்று.

உப்பு என்ன செய்கிறது?

பொட்டாஷ் மூட்டை வைத்த மூலையில் தகரமும் ஆணியும் எப்படி அரித்துப் போகின்றன என்று பார்த்திருப்பீர்கள். அந்தப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. கடல் உப்பில் பெரும்பகுதி சோடியம் குளோரைடு. இரண்டிலும் இரும்பை அரிப்பது அந்தக் குளோரைடுதான். கடல் உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுக்கும். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடியில் நீர்த்துப் போவதில்லையா, அதே போலத்தான். ரீல் மேலாகக் காய்ந்த மாதிரி தெரிந்தாலும், உள்ளே ஒட்டிய உப்பு வீட்டுப் பரணில் இருக்கும்போதும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

ஆகவே உப்புத் தண்ணீருக்கு ரீல் வாங்கும்போது, ‘எவ்வளவு பெரிய மீனைத் தாங்கும்?’ என்று கேட்பதற்கு முன்பு, ‘உப்பு எங்கெல்லாம் தங்கும், அதை நம்மால் கழுவி எடுக்க முடியுமா?’ என்று கேட்க வேண்டும்.

எதைப் பார்த்து வாங்குவது?

மருந்து சிபாரிசு செய்யும்போது கம்பெனி பெயர் சொல்லாமல் மூலப்பொருளின் பெயர் சொல்வதுதான் என் வழக்கம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

அளவு: ரீலின் மேல் 1000, 2500, 4000, 6000 என்று எண் இருக்கும். அது ரீலின் பருமனைக் குறிப்பது. முகத்துவாரத்துக்கும் கரைக்கும் 4000 அளவு போதும். கம்பு மெல்லியதாக இருந்தால் 3000. கம்பெனிக்குக் கம்பெனி இது கொஞ்சம் மாறும். அதனால் கம்பைக் கடைக்கே எடுத்துச் சென்று மாட்டிப் பாருங்கள். கையில் பிடிக்கும்போது முன்பக்கம் ரொம்பத் தலைசாயக் கூடாது.

உடம்பு: ‘பிளாஸ்டிக் உடம்பு மட்டம்’ என்று ஒதுக்க வேண்டாம். கிராஃபைட் என்று கடையில் சொல்கிற கெட்டியான பிளாஸ்டிக் கலவை துருப்பிடிக்காது. உங்கள் விலைக்கு அதுவே சரி. அலுமினிய உடம்பு உறுதியானது. ஆனால் மேல்பூச்சு உரிந்த இடத்திலும், இரும்புத் திருகு தொடுகிற இடத்திலும் உப்புநீர் பட்டால் வெள்ளைப் பொடி பூக்கும்.

ஸ்பூல்: நூல் சுற்றும் இந்தப் பகுதி மட்டும் அலுமினியமாக இருப்பது நல்லது. இழுவையில் இறுகிய நூல் பிளாஸ்டிக் ஸ்பூலை விரியச் செய்துவிடும். விளிம்பில் கீறலோ பிசிறோ இருந்தால் நூலை அறுக்கும். விரலால் தடவிப் பாருங்கள்.

பேரிங்: எண்ணிக்கைக்குக் காசு கொடுக்காதீர்கள். மட்டமான பேரிங் பன்னிரண்டு இருந்தால் துருப்பிடிக்கப் பன்னிரண்டு இடம் என்று அர்த்தம். துருப்பிடிக்காத எஃகில் நாலைந்து இருந்தால் போதும்.

டிராக்: மீன் இழுக்கும்போது நூலை அளவாக விட்டுக்கொடுக்கும் பிரேக் இது. பெட்டியில் 10 கிலோ, 12 கிலோ என்று போட்டிருப்பது முழுதாக இறுக்கினால் வரும் கணக்கு. நமக்குத் தேவை 2, 3 கிலோவில் திக்காமல் நூல் விடுவது. அந்த வேலையைச் சரியாகச் செய்யாத ரீல் 15 கிலோ என்று எழுதியிருந்தாலும் வேண்டாம்.

900 ரூபாய் ரீலில் பெரும்பாலும் இந்த டிராக்கும், நூல் உருளையும், திருகுகளும்தான் முதலில் போகும். 9,000 ரூபாய் ரீலில் தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் ரப்பர் சீல்கள் கிடைக்கலாம். தினமும் அலையில் நனைந்து பிடிப்பவர்களுக்கு அது தேவை. முகத்துவாரக் கரையில் நிற்கிற பையனுக்கு அவசியம் இல்லை. மீன் விற்று அடைத்துவிடலாம் என்று தவணையில் வாங்கவே வேண்டாம். மீன் நம் தவணைத் தேதிக்கு வந்து கடிக்காது.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

விதை வாங்கும்போது பையைத் திருப்பிப் பார்ப்பது போல, ரீலையும் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். உங்கள் மகன் இதைச் செய்யட்டும்.

கைப்பிடியை மெதுவாகச் சுற்றி, ரீலைக் காதருகே வைத்துக் கேட்க வேண்டும். மணல் அரைபடுவது போன்ற சத்தம் கூடாது. சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் பெரிய ஆட்டம் இருக்கக் கூடாது. வளைந்த கம்பியின் ஓரத்தில், நூல் உரசிப் போகிற ஒரு சிறிய உருளை இருக்கும். அது விரல் பட்டால் தனியாகச் சுழல வேண்டும். சுழலாத உருளை நூலைத் தேய்த்து அறுக்கும். உப்பில் முதலில் மாட்டிக்கொள்வதும் அதுதான். கடைசியாக டிராக்கைப் பாதி இறுக்கிவிட்டு நூலை இழுக்கச் சொல்லுங்கள். முதலில் அடம்பிடித்துப் பிறகு வெடுக்கென்று விட்டால் அந்த ரீலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். மீன் பாயும்போது அந்த வெடுக்கில்தான் நூல் அறும்.

கைப்பிடி, உருளை, கம்பி வளையத்தின் ஸ்பிரிங் ஆகியவை தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்கும் என்றால், நூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் அந்தக் கடையிலேயே வாங்கலாம். பில் கேட்டு வாங்குங்கள்.

மூவாயிரத்தை எப்படிப் பிரிப்பது?

முழுப் பணத்தையும் ரீலுக்கே போட்டுவிடாதீர்கள். ரீலுக்கு 2,000 முதல் 2,200 ரூபாய். மீதியில் நல்ல நூல், முன்நரம்பு, ஒரு சிறிய எண்ணெய்க் குப்பி.

நூலுக்கு 20 பவுண்டு பிரெய்டு, அதாவது பின்னல் நூல் சரியாக இருக்கும். 20 பவுண்டு என்றால் சுமார் 9 கிலோ. ஸ்பூலில் அடியில் நேராகப் பின்னல் நூலைச் சுற்றினால் அது மொத்தமாக வழுக்கிச் சுழலும். டிராக் கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது இதைத்தான். முதலில் தங்கூசி நரம்பைப் பத்துப் பதினைந்து மீட்டர் சுற்றி, அதன் மேல் பின்னல் நூலைக் கட்ட வேண்டும். அடியில் நரம்பு இருப்பதால் விலை கூடிய பின்னல் நூலும் குறைவாகவே தேவைப்படும். நூலை ஸ்பூல் விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே வரை நிரப்பலாம். அதற்கு மேல் போனால் வீசும்போது கொத்தாக வந்து சிக்கும்.

டிராக்கை நூலின் தாங்குதிறனில் கால் பங்குக்கு வைப்பது நல்ல கணக்கு. 9 கிலோ நூலுக்கு இரண்டு கிலோ சொச்சம். இதற்குத் தராசு தேவையில்லை. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பி, நூல் நுனியில் கட்டித் தூக்கட்டும். எடை ஏறியதும் நூல் மெதுவாக வழுக்கிக் கொடுக்கிற இடத்தில் டிராக் குமிழை நிறுத்தினால் போதும்.

வாங்கிய பிறகு

இதுதான் முக்கியம். மேலே சொன்னதையெல்லாம் பார்த்து வாங்கினாலும், கழுவாத ரீல் அடுத்த கோடை பார்க்காது.

வீட்டுக்கு வந்த அன்றே, சாப்பிட உட்காருவதற்கு முன்பு கழுவ வேண்டும். டிராக் குமிழை லேசாக இறுக்கிக்கொண்டால் தண்ணீர் உள்ளே போகாது. குவளையில் எடுத்து மெல்ல ஊற்றினால் போதும். வாளியில் முக்கக் கூடாது. பிரஷர் குழாய் கூடவே கூடாது. அது என் தவறு, உங்கள் வீட்டில் வேண்டாம்.

உங்கள் பகுதிக்கு இன்னொரு எச்சரிக்கை. போர் தண்ணீரில் கழுவுவதற்கு முன்பு யோசியுங்கள். கடலோரத்தில் பல போர்கள் உப்பு. EC 3-க்கு மேல் போன தண்ணீரைப் பயிருக்கு விடவே நாம் தயங்குகிறோம். அதில் ரீலைக் கழுவினால் உப்பை உப்பால் கழுவிய கதைதான். குடிக்கிற தண்ணீர் ஒரு செம்பு போதும். அப்படியே போர் தண்ணீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து EC பார்த்துவிடுங்கள். அடுத்த பட்டத்துக்கும் அந்த விவரம் உதவும்.

கழுவியபின் உதறி, பழைய துணியால் துடைத்து, டிராக்கைத் தளர்த்தி நிழலில் காய வைக்கலாம். இறுக்கியபடியே வைத்தால் உள்ளே இருக்கும் வாஷர்கள் அமுங்கிவிடும். வாரம் ஒரு முறை நூல் உருளை, கம்பி வளையத்தின் மூட்டு, கைப்பிடிக் குமிழ் மூன்றிலும் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசினாகும். மண்ணெண்ணெயும் பழைய இன்ஜின் ஆயிலும் வேண்டாம். டிராக் வாஷரில் எண்ணெய் படவே கூடாது. கரையில் நிற்கும்போது ரீலை மணலில் வைக்காமல் இருந்தாலே அதன் ஆயுள் பாதி கூடும்.

மகனுக்கு இரண்டு வார்த்தை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கிழக்குக் கரையில் தடைக்காலம். தடை விசைப்படகுகளுக்குத்தான், கரையில் நின்று தூண்டில் போடுபவருக்கு இல்லை. அந்த நாட்களில் மீனுக்கு விலையும் இருக்கும். அதற்காகத் தூண்டில் வளைவின் பாசி பிடித்த கற்கள் மேல் இருட்டில் தனியாக நிற்க வேண்டாம். கோடியக்கரை சரணாலய எல்லைக்குள் போகவும் வேண்டாம். அறுந்த நரம்பைக் கரையில் போடாமல் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவரட்டும். பறவைகளின் காலிலும் ஆமையின் துடுப்பிலும் அது சுற்றிக்கொள்ளும். மேய்கிற ஆடும் விழுங்கிவிடும். இந்த ரீலே ஆட்டுக்குட்டி கொடுத்த காசு என்பதைச் சொல்லி வையுங்கள்.

கடைசியாக உங்கள் வீட்டுக்காரருக்கு. மருந்து அடித்த அன்றே கைத்தெளிப்பானைக் கழுவிக் கவிழ்த்து வைப்பவர் அவர் என்றால், ரீலைக் காப்பாற்றும் வித்தையும் அவருக்குத் தெரிந்ததுதான். பையனுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவே. முதல் ஒரு மாதம் கழுவும்போது அவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். ஒருவர் தண்ணீர் ஊற்ற, ஒருவர் துடைக்கட்டும். அடுத்த கோடையில் ரீல் சுற்றுகிறதா என்று ஒரு கார்டு போடுங்கள், காத்திருக்கிறேன்.

(அடுத்த இதழில்: உளுந்தில் மஞ்சள் தேமல் நோய். வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துவது பற்றி மூன்று வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில்.)