நிழலுக்கும் ஒரு நியதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், பௌர்ணமி ஜனத்திரள் கலைந்த பின்னரும் போக்கிடமின்றி நடைபாதையிலேயே தங்கிவிடும் முதியோரையும், சித்தம் கலங்கியோரையும், உற்றாரால் கைவிடப்பட்டோரையும் அன்றாடம் காண்கின்ற திருவண்ணாமலைவாசி என்ற முறையில் இவ்விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கின்றேன்.

அன்னதானத்துக்குக் குறைவில்லாத இத்தலத்தில் அநாதைகளுக்கு இரவில் இடமளிப்போரின் கருணையை நான் ஐயுறவில்லை. ஆயினும் கூரை ஒன்று மட்டுமே காவலாகிவிடாது என்பதை, 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கீற்றுக் கொட்டகைத் தீயில் சிக்கி மாண்ட கோரம் நமக்கு என்றென்றைக்கும் உணர்த்திவிட்டது.

மகளிர், குழந்தைகள் விடுதிகளுக்கு உரிமம் அவசியமென்று 2014 ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் விதிக்கின்றது. நகர்ப்புற வீடற்றோர் தங்குமிடங்களில் ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம் வேண்டுமென்று மத்திய அரசின் நெறிமுறை கூறுகின்றது. ஆதலால், அவசரத்துக்குத் திறக்கப்படும் தற்காலிகக் கூடம் உள்ளிட்ட ஒவ்வொரு தங்குமிடத்துக்கும் உரிமம், தீத்தடுப்பு, குடிநீர், கழிப்பறை, பெண்களுக்குத் தனியிடம், மருத்துவ உதவி, தங்குவோர் பதிவேடு, விரும்பிய போது வெளியேறும் சுதந்திரம் ஆகியவற்றைக் கட்டாயமாக்கி, முன்னறிவிப்பற்ற தணிக்கையையும் மாவட்ட நிர்வாகமும் மாநகராட்சியும் மேற்கொள்ள வேண்டுகிறேன். அடைக்கலம் தேடி வந்தோரின் உயிருக்கும் மானத்துக்கும் உத்தரவாதம் அளிப்பதே மெய்யான தர்மமாகும்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
திருவண்ணாமலை.