எறியச் சொல்வதற்கு இவர்கள் யார்?

சென்ற மாதம் தம்பலகாமத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். உயர்தர வகுப்பில் படிக்கும் மருமகள் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். "மாமா, இது இனிச் சரிவராதாம். புதுசு வாங்கட்டாம்" என்றாள். தீர்ப்பு வழங்கியது திருகோணமலை நகரில் உள்ள ஒரு கணினிக் கடை.

இயக்கிப் பார்த்தேன். திரை, விசைப்பலகை, வன்தட்டு யாவும் நலம். வயது ஒன்றே அதன் குற்றம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14உடன் முடித்துக்கொண்டது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்த தனிநபர்களுக்கு மட்டும் ஓராண்டுத் தவணை. விண்டோஸ் 11ஓ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும் புதிய செயலியையும் கேட்கிறது. அதற்காக, ஓடுகிற வண்டியைக் குப்பையில் எறிந்துவிட்டு, வயலில் விளைந்த நெல்லை விற்றுப் புதியது வாங்க வேண்டுமாம்!

லினக்ஸ் பற்றிக் கடைக்காரரிடம் கேட்டாளாம். "அது எங்கட ஆக்களுக்குச் சரிவராது" என்பது பதில். எது சரிவராது? 2004 ஆழிப்பேரலை இக்கரையோரத்தைச் சூறையாடியபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய 'சஹானா' என்னும் கட்டற்ற மென்பொருளை உருவாக்கியவர்கள் இலங்கைத் தன்னார்வலர்களே. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டு சமூகநல விருது அதற்குக் கிடைத்தது.

அன்று மாலையே அமர்ந்தோம். முதலில் அவளுடைய பாடக் குறிப்புகளைப் படியெடுத்தோம். வன்தட்டின் மறையாக்க மீட்புச் சாவியைக் குறித்துக்கொண்டோம். விண்டோஸுக்குள்ளிருந்தே அதன் பகுதியைச் சுருக்கி 40 ஜிபி இடம் ஒதுக்கினோம். பிறகு யூஎஸ்பியிலிருந்து உபுண்டுவை, வன்தட்டை அழிக்கும் தெரிவைத் தவிர்த்து, விண்டோஸுக்குப் பக்கத்திலேயே நிறுவினோம். இப்போது எது வேண்டுமென்று கணினி அவளைக் கேட்கிறது. இணையத்துக்கு லினக்ஸ், சில பழைய மென்பொருள்களுக்கு மட்டும், இணைய இணைப்பின்றி, விண்டோஸ்.

விண்டோஸை ஏன் வைத்தாய் என்று லினக்ஸ் பக்தர்கள் என்னைக் கடிந்துகொள்வர். பரீட்சை எழுதப் போகிற பிள்ளையிடம் மதமாற்றம் செய்வது என் வேலையன்று. தெரிவு அவள் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் தெரிவைக் கொடுத்தால் மட்டும் போதுமா? தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. விளைவு? அதை அழிப்பது எப்படி என்று விளக்கும் காணொளிகள்! கேரளமோ ஆசிரியர்களைப் பயிற்றுவித்து, கட்டற்ற மென்பொருளை அரசுப் பள்ளிப் பாடத்திலேயே வைத்தது. அங்கே அது நிலைத்தது.

கந்தளாய்க் குளம் நிரம்பினால் மட்டும் தம்பலகாமத்து வயல் விளையாது; வாய்க்கால் வேண்டும். நம் பள்ளிகளின் கணினி அறைகளில் வாரம் ஒரு பாடவேளையாவது லினக்ஸுக்கு ஒதுக்குங்கள். எறியச் சொல்பவனிடம் எதிர்க்கேள்வி கேட்க நம் பிள்ளைகள் கற்கட்டும்.