வீரர் பரிமாற்றத்தைத் தடுப்பது விதியா, கையெழுத்தா?

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டித் தொடரான என்.பி.ஏ.யில் வீரர் பரிமாற்றம் முடங்கிவிட்டது என்றும், அணி உரிமையாளர்களும் வீரர் சங்கமும் செய்துகொண்டு 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கூட்டு ஒப்பந்தமே அதற்குக் காரணம் என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. இக்கூற்றைத் தாங்கி நிற்கும் மூன்று வாதங்களையும் தனித்தனியே ஆராய்ந்தால், அணிகளின் கைகளைக் கட்டியவை பெரும்பாலும் அவை தாமே விரும்பிக் கையெழுத்திட்ட வீரர் ஒப்பந்தங்கள்தாம் என்பது தெளிவாகும்.

பெரிய பரிமாற்றங்கள் இனி நடக்க இயலாது என்பது முதல் வாதம். 2024–25 பருவத்தில் ஓர் அணிக்கான சம்பள உச்சவரம்பு 14.06 கோடி டாலர். சில விலக்குகளைப் பயன்படுத்தி அதைத் தாண்டலாம் என்றாலும், 18.89 கோடி டாலரில் இருந்த 'இரண்டாம் ஏப்ரன்' என்னும் மேல் எல்லையைக் கடந்த அணி, இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி அதற்கு ஈடாக விலையுயர்ந்த ஒருவரைப் பெறவோ, அனுப்பும் சம்பளத்தைவிட அதிகமான சம்பளத்தை ஏற்கவோ முடியாது. ஆயினும் அந்த எல்லையைக் கடந்திருந்த மின்னசோட்டாதான் 2024 அக்டோபரில் ஏறத்தாழ 4.92 கோடி டாலர் சம்பளம் பெற்ற கார்ல்-ஆந்தனி டவுன்ஸை நியூயார்க்குக்கு அனுப்பி, ஜூலியஸ் ராண்டில், டான்டே டிவின்சென்சோ உள்ளிட்டோரைப் பெற்றது. அனுப்புவது ஒரே வீரர் என்பதால் கூட்டும் தடை மின்னசோட்டாவைத் தீண்டவில்லை. நியூயார்க் தரப்பில் எஞ்சிய சம்பள இடைவெளியோ, மூன்று வீரர்களைப் புதிய ஒப்பந்தத்தில் எடுத்து, மூன்றாம் அணியாகச் சேர்ந்த ஷார்லட்டுக்கு அனுப்பியதால் நிரம்பியது. 2025 பிப்ரவரியில் லூக்கா டான்சிச் லாஸ் ஏஞ்சலிஸுக்கு மாறியபோதும், டல்லஸுக்குச் சென்ற ஆந்தனி டேவிஸ், இடம்மாறினால் தமக்குச் சேர வேண்டிய பரிமாற்ற ஊக்கத்தொகையை விட்டுக்கொடுத்தார். விதிகள் வழியை அடைக்கவில்லை; கணக்கைக் கடுமையாக்கின.

நன்கு கட்டியெழுப்பப்பட்ட அணிகளை இவ்விதிகள் கலைக்கின்றன என்பது இரண்டாம் வாதம். இதில் உண்மை உண்டு. 2024இல் பட்டம் வென்ற பாஸ்டன், அடுத்த ஆண்டுக் கோடையிலேயே ஜ்ரூ ஹாலிடேயையும் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸையும் இழக்க நேர்ந்தது அந்த நகர ரசிகர்களுக்கு மெய்யான இழப்பே. ஆனால் ஜெய்லன் பிரவுனுடனும் ஜேசன் டேட்டமுடனும் தலா 28 கோடி டாலரைத் தாண்டிய ஐந்தாண்டு ஒப்பந்தங்களை அவ்வணி செய்துகொண்டது புதிய விதிகள் நடைமுறைக்கு வந்த பின்னர்தான். அறிந்தே ஏற்ற செலவின் விளைவை விதியின் தலையில் சுமத்துவது நியாயமாகாது.

நட்சத்திர வீரர்களின் மறுப்புரிமை அணிகளைப் பிணையாக்குகிறது என்பது மூன்றாம் வாதம். தம் ஒப்புதலின்றித் தம்மைப் பரிமாறக்கூடாது என்னும் இவ்வுரிமையைப் பேசிப் பெற, என்.பி.ஏ.யில் எட்டு ஆண்டுகள் ஆடியிருப்பதோடு அவற்றில் நான்கேனும் அதே அணிக்காக ஆடியிருக்க வேண்டும். அதன் பிறகும் அணி சம்மதித்தால் மட்டுமே அது ஒப்பந்தத்தில் இடம்பெறும். பிராட்லி பீலுக்கு 2022இல் 25.1 கோடி டாலர் ஒப்பந்தத்துடன் அதை வழங்கியது வாஷிங்டன். அது உடன் வரும் என்று தெரிந்தே 2023இல் அவரைப் பெற்றது பீனிக்ஸ். 2025 ஜூலையில் அவ்வணி தொகை பேசி அவரை விடுவிக்க நேர்ந்ததற்கு இந்த இரண்டு முடிவுகளே வித்திட்டன.

கட்டுப்பாடே இல்லாத பரிமாற்றம் எத்தகைய சேதத்தை விளைவிக்கும் என்பதற்கு 1980களின் தொடக்கத்துக் கிளீவ்லாந்து சான்று. உரிமையாளர் டெட் ஸ்டெப்பியன் எதிர்காலப் புதுமுக வீரர்களின் முதல் சுற்றுத் தேர்வுரிமைகளை அடுத்தடுத்து விற்றுத் தீர்த்ததால், அடுத்தடுத்த இரு எதிர்கால ஆண்டுகளிலும் முதல் சுற்றுத் தேர்வே இல்லாதபடி ஓர் அணி பரிமாறக்கூடாது என்னும் விதி, இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நிகழ்கால ஆசைக்காக ஓர் உரிமையாளர் ஒரு நகரத்தின் வருங்காலத்தை அடகு வைப்பதை அது தடுக்கிறது.

ஆகவே, ஒரு பரிமாற்றம் நின்றுபோகும்போது, அந்தச் சம்பளத்தையும் மறுப்புரிமையையும் எழுதிக்கொடுத்தவர் யார் என்பதையே முதலில் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைத் தவிர்த்து விதிகளைத் தளர்த்தினால், பலன் பெறுவோர் ஆழ்ந்த பணப்பையுடைய உரிமையாளர்களே தவிர, சிறு நகர அணிகளோ அவற்றின் ரசிகர்களோ அல்லர்.