மாரி மழையும் பிள்ளைகளின் சைக்கிள் செயினும்



கடந்த கிழமை முதலாம் பாடம் முடியும் நேரத்தில் தரம் 9 பிள்ளை ஒன்று வகுப்பு வாசலில் வந்து நின்றது. இரண்டு கையும் கறுப்பு. வெள்ளைச் சீருடையிலும் கறை. ஏன் பிந்தியது என்று நாங்கள் கேட்க முன்னமே, "செயின் கழண்டு பெய்த்து சேர்" என்றது. வரும் வழியில் மூன்று தடவையாம். வாப்பா வெளிநாட்டில்.

அன்று இடைவேளையில் சைக்கிள் கொட்டிலுக்குப் போய்ப் பார்த்தோம். பாதிக்கு மேற்பட்ட செயின்கள் துருவேறிச் சிவந்து கிடந்தன. சிலவற்றில் கிரீஸை அப்பியிருந்தார்கள். அதில் மணல் ஒட்டிக் களியாகியிருந்தது.

நம் கிழக்குக் கரையில் நவம்பர் முதல் ஜனவரி வரை மழை. கடற்காற்றில் உப்பு, ஒழுங்கையெல்லாம் மணல். இரும்பு துருப்பிடிக்க நீரும் ஒட்சிசனும் வேண்டும், உப்பு அதை விரைவுபடுத்தும் என்று கரும்பலகையில் எழுதுகிறோம். கொட்டிலில் நிற்கும் சைக்கிளை ஒருநாளும் காட்டிப் படிப்பித்ததில்லை. இது எங்கள் பிழை.

வீட்டில் செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல:

1. மழையில் நனைந்து வந்தால் நல்ல தண்ணீரால் மணலையும் உப்பையும் கழுவி, பழைய துணியால் செயினைத் துடைத்துக் காய விடுங்கள்.

2. கிழமைக்கு ஒருமுறை பழைய பல் துலக்கும் பிரஷில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு அழுக்கை எடுங்கள். அடுப்படிக்குப் பக்கத்தில் வேண்டாம். பிறகு நன்றாகத் துடைத்துக் காய விடுங்கள்.

3. ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி எண்ணெய். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிவிட்டு, மேலே நிற்கும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது கண்ணிக்கு உள்ளேதான். வெளியே நிற்பது மணலைத்தான் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் நன்றாக உள்ளிறங்கும், ஆனால் மழையில் கழுவுப்படும். நனைந்தால் மறுபடியும் விடுங்கள்.

4. ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் எண்ணெய் படவே கூடாது. பிரேக் பிடிக்காது. செயின் சுழலும்போது விரலோ துணியோ பற்களுக்குப் பக்கத்தில் போகக் கூடாது.

5. பிள்ளையின் அடிமட்டத்தை செயினில் வைத்துப் பாருங்கள். ஒரு ஊசியின் நடுவில் பூச்சியம் என்றால், புதுச் செயினில் 12 அங்குலத்தில் இன்னொரு ஊசியின் நடு சரியாக நிற்கும். அது 3 மில்லிமீற்றர் அளவுக்குத் தள்ளிப் போயிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது. மாற்றாமல் ஓடினால் பற்சில்லும் பிரீவீலும் சேர்ந்து தேயும். செலவு கூடும்.

இன்னொன்று, சத்தம் போடுகிறது என்று செயின் கவரைக் கழற்றி எறியாதீர்கள். பெண் பிள்ளைகளின் உடுப்பு செயினில் சிக்குவதைத் தடுப்பது அதுதான்.

2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற நாட்களில் சைக்கிளின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. இப்போது மறந்துவிட்டோம். ஆனால் நம் பிள்ளைகள் பலருக்கு இன்றும் அதுதான் வாகனம். செயின் அறுந்தால் அன்று பாடமும் போய்விடும், நடுறோட்டில் விழவும் கூடும். பிந்தி வரும் பிள்ளையை ஏசுவதற்கு முன் அதன் சைக்கிளையும் ஒருக்கால் பார்ப்போம் என்று ஆசிரியர்கள் நாங்கள் முடிவெடுத்திருக்கிறோம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவரையும் பக்கத்தில் இருத்தி, அவர்கள் கையாலேயே செய்ய விடுங்கள். வாப்பா ஊரில் இல்லாத வீடு பக்கத்தில் இருந்தால், தம்பிமாரே, அந்தப் பிள்ளையின் சைக்கிளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு துணியும் நாலு சொட்டு எண்ணெயும்தான் கூடுதலாகப் போகும்.