பாதிப் பேரேடு கொடுத்த கம்பெனி

அமெரிக்க சர்வகலாசாலைகளில் இன்று ஒரு புது ரகப் பேராசிரியர் தோன்றியிருக்கிறார். வகுப்பில் அவர் கற்பிப்பது தரவு விஞ்ஞானம். அதாவது, கோடிக்கணக்கான விவரங்களைக் கம்ப்யூட்டரில் சலித்து உண்மை காணும் வித்தை. அவரது ஆராய்ச்சியோ அரசியல்: ஜனங்கள் எதை நம்பி யாருக்கு ஓட்டுப் போடுகிறார்கள் என்பது. நல்ல வித்தைதான். ஆனால் சலிக்க வேண்டிய தானியம் யார் களஞ்சியத்தில் இருக்கிறது?

பேஸ்புக் போன்ற கம்பெனிகளின் களஞ்சியத்தில்! ஜனங்கள் எழுதியதும் படித்ததும் அங்கே பூட்டிக் கிடக்கிறது. சாவி முதலாளியின் இடுப்பில்.

அந்தக் களஞ்சியத்தின் பலம் என்ன? 2010 நவம்பர் 2, அமெரிக்கத் தேர்தல் நாள். கம்பெனியும் அரசியல் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 6 கோடியே 10 லட்சம் பேரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். 'ஓட்டுப் போடுங்கள்' என்ற செய்தியோடு, ஓட்டுப் போட்டதாகச் சொன்ன நண்பர்களின் படங்களையும் பலருக்குக் காட்டினார்கள். 2012இல் 'நேச்சர்' இதழில் அவர்களே வெளியிட்ட மதிப்பீடு: கூடுதலாக விழுந்த ஓட்டு சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம்! இந்த நெம்புகோல் ஒரு தனி முதலாளியின் கையில் இருக்கலாமா?

2018இல் ஹார்வர்டு பேராசிரியர் கேரி கிங்கும் ஸ்டான்போர்டு பேராசிரியர் பெர்சிலியும் 'சோஷியல் சயன்ஸ் ஒன்' என்ற அமைப்பைத் தொடங்கி, கம்பெனியோடு பேசி விவரம் வாங்கினார்கள். 2021இல் குட்டு உடைந்தது. இத்தாலியின் உர்பீனோ சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் ஒருவர் கணக்கு இடிப்பதைக் கண்டுபிடித்தார். பேஸ்புக்கை உபயோகிக்கும் அமெரிக்கர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரின் விவரம் அதில் இல்லவே இல்லை! 'தவறு நேர்ந்தது, மன்னியுங்கள்' என்றது கம்பெனி. பலரது உழைப்பு பாழ்.

போனஸ் பேச்சுவார்த்தையில் பாதிப் பேரேட்டை நீட்டும் மில் முதலாளியை நாம் அறிவோம். கணக்குப்பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரராயிருந்து என்ன பயன்?

'திறந்து காட்டினால் ஜனங்களின் அந்தரங்கம் தெருவுக்கு வருமே' என்பார்கள். யாருடைய கடிதத்தையும் யாரும் கேட்கவில்லை. பெயரை நீக்கிவிட்டு, சட்டத்தின் காவலில் காட்டு என்கிறோம். பெரிய கம்பெனிகள் ஆராய்ச்சியாளருக்கு விவரம் தர வேண்டும் என்று ஐரோப்பிய யூனியன் 2022இல் சட்டமே இயற்றியது. கம்பெனி செய்தது என்ன? எந்தச் செய்தி எங்கே பரவுகிறது என்று பார்க்க உதவிய 'கிரவுட்டாங்கிள்' கருவியை 2024 ஆகஸ்டில் இழுத்து மூடியது!

பேராசிரியர்களே! மாணவர்களுக்கு முதல் பாடமாக இதைக் கற்பியுங்கள்: கணக்குப் போடுமுன் பேரேடு முழுசா என்று பார். இல்லையென்றால் கேள். தனியாகக் கேட்டுக் கிடைக்காவிட்டால், சேர்ந்து கேள்!