மெஷின் வந்தது, மின்சாரம் வந்ததா?

நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்து வானம் பார்த்த பூமியில் மிளகாயும் பருத்தியும் மட்டும் நம்பிப் பிழைக்க முடியாதென்று நம் பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் போய்ப் பல வருடம் ஆகிறது. அங்கே லேத் ஓட்டி, வெல்டிங் அடித்து, தொழில் கற்றவர்கள் ஊரிலேயே சொந்தப் பட்டறை போட வேண்டும் என்று நினைக்கும் காலம் இது. அதற்கு அரசிடம் பணமும் இருக்கிறது. 2023-24 நிதிநிலை அறிக்கையில் ரூ.100 கோடி ஒதுக்கி அறிவிக்கப்பட்ட அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில், பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்குத் திட்ட மதிப்பில் 35 விழுக்காடு மானியம் (உச்சவரம்பு ரூ.1.5 கோடி), வங்கிக் கடனுக்கு 6 விழுக்காடு வட்டி மானியம். மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பம் எழுதும்போது எல்லோரும் மெஷின் விலையைக் கேட்டு கொட்டேஷன் வாங்குகிறார்கள். அந்த மெஷின் எந்தக் கம்பத்திலிருந்து ஓடப்போகிறது என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. சில நேரம் மெஷின் லாரியில் வந்து இறங்கிய பிறகு வருகிறது. இணைப்பு வரத் தாமதமானால் மெஷின் சாக்குப் போர்த்திக் கிடக்கும். தவணை காத்திருக்காது.

ஒரு சின்னப் பட்டறையை மனதில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். லேத் 3 எச்.பி., கம்ப்ரசர் 3, கட்டிங் மெஷின் 2, டிரில்லிங் மெஷின் 1. மொத்தம் 9 எச்.பி. ஒரு எச்.பி. என்பது 746 வாட். ஆக சுமார் 6.7 கிலோவாட். இதோடு வெல்டிங் செட். 5 கிலோவாட்டுக்குள் இழுக்கும் சின்ன இன்வெர்ட்டர் செட் வாங்கினால் மொத்தம் 11.7. பழைய டிரான்ஸ்பார்மர் வகை செட் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் 12-ஐத் தாண்டிவிடும். இந்த 12 என்ற எண் முக்கியம். 12 கிலோவாட் வரையிலான குடிசை, குறுந்தொழில்களுக்கு 3-ஏ(1) என்ற தனிக் கட்டணப் பிரிவு உண்டு. அதற்கு மேல் போனால் 3-பி. அங்கே கட்டணம் கூடுதல்.

3-பி பிரிவில் அடிபட்டவர்களின் கதை தமிழ்நாடு முழுக்கத் தெரிந்ததுதான். 2022 செப்டம்பர் கட்டண உயர்வுக்கு முன் கிலோவாட்டுக்கு மாதம் ரூ.35 ஆக இருந்த நிலைக்கட்டணம், 50 கிலோவாட் வரை ரூ.75, அதற்கு மேல் 112 வரை ரூ.150 என்று ஏறியது. இதை எதிர்த்துத்தான் 2023 செப்டம்பர் 25 அன்று மாநிலம் முழுவதும் சிறு, குறு தொழிற்கூடங்கள் கதவடைப்பு நடத்தின. நிலைக்கட்டணம் மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டியது. எனவே 'பின்னால் பார்த்துக்கொள்ளலாம், 30 கிலோவாட்டாகவே கேட்டுவிடுவோம்' என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். குறைத்துச் சொல்லி அதிகம் ஓட்டினாலும் அபராதம் வரும்.

கணக்கின் இன்னொரு பாதி கம்பியில் இருக்கிறது. 3 எச்.பி. மோட்டார் ஓடும்போது 5 ஆம்பியர் அளவுக்கு எடுக்கும். ஸ்டார்ட் ஆகும் அந்தச் சில வினாடிகளில் ஆறு மடங்கு இழுக்கும். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் இருந்தால் தெரியாது. தூரத்தில் இருந்து, மெல்லிய கம்பியில் வந்தால் வோல்டேஜ் சட்டென்று இறங்கும். லைட் மங்கும், மோட்டார் உறுமும், நாளடைவில் காயில் கருகும். நம் ஊர்களில் டிரான்ஸ்பார்மர் எங்கே நிற்கிறது, காலனி எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை நடந்து பாருங்கள். பல ஊர்களில் லைன் ஊருக்குள் எல்லாத் தெருவும் சுற்றிவிட்டு, கடைசிக் கம்பமாகத்தான் நம் தெருவுக்கு வருகிறது. வீட்டு பல்புக்கும் மின்விசிறிக்கும் என்று போட்ட ஒருமுனை லைன் அது. மும்முனை வேண்டுமென்றால் கூடுதல் கம்பி, கூடுதல் கம்பம், சில இடங்களில் புது டிரான்ஸ்பார்மரே வேண்டும். ஊரை இரண்டாகப் பிரித்து வைத்த சாதி மின்கம்பத்திலும் வரிசை வைத்திருக்கிறது.

மின்சாரமே இல்லாத சீமை என்றும் சொல்ல முடியாது. தெற்கே கமுதியில் 2016-ல் வந்த சூரிய மின் நிலையத்தின் திறன் 648 மெகாவாட். 12 கிலோவாட் பட்டறையாகக் கணக்கிட்டால் 54,000 பட்டறைக்குச் சமம். அந்த மின்சாரம் உயர் அழுத்தக் கோபுரங்களில் ஏறி வெளியே போகிறது. நமக்குக் குறையாக இருப்பது கடைசி அரைக் கிலோமீட்டர்.

அப்படியானால் காலனியை விட்டு மெயின் ரோட்டில் கடை பிடிக்கலாமே என்பார்கள். யார் தருவார்? பெயர் கேட்டு, ஊர் கேட்டு, எந்தத் தெரு என்று கேட்ட பிறகு 'வேறு ஆளுக்குப் பேசிவிட்டோம்' என்ற பதில் நமக்குப் புதிதல்ல. வாடகைக்குக் கிடைத்தாலும் தொழில் இணைப்புக்குக் கட்டட உரிமையாளர் கையெழுத்து போடத் தயங்குவார். இதற்கு விதியில் வழி இருக்கிறது: சட்டப்படி குடியிருப்பதற்கான ஆதாரமும் ஈட்டுறுதிப் பத்திரமும் கொடுத்து, கூடுதல் வைப்புத்தொகை கட்டி, வாடகைதாரரே இணைப்பு கேட்கலாம். சொந்த இடத்தில் போடுகிறவர்கள் பட்டா தாத்தா பெயரிலேயே கிடக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் மாற்றத்துக்கு ஆகும் நாட்களைத் தவணைக் கணக்கில் யாரும் கழித்துத் தரமாட்டார்கள்.

இங்கே ஒரு செய்தி. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர் டாக்டர் அம்பேத்கர். மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தது. நாட்டின் மின் வளர்ச்சிக்கான கொள்கைக் குழுவுக்கு அவரே தலைமை தாங்கினார்; மத்திய தொழில்நுட்ப மின்சார வாரியம் 1944-ல் உருவானதும் அப்போதுதான். தொழில் வளர வேண்டுமென்றால் முதலில் மலிவான மின்சாரம் என்பது அவர் போட்ட கணக்கு. அவர் பெயரில் உள்ள திட்டத்தில் மின்சாரம் பின்னிணைப்பாகக் கிடப்பது முறையல்ல.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. கிணற்று மோட்டாருக்கு தாட்கோ வழியாக ஆதிதிராவிடர், பழங்குடி விவசாயிகளுக்குத் துரித மின் இணைப்பில் 90 விழுக்காடு மானியம் தருகிறார்கள். அதே ஏற்பாட்டைப் பட்டறைக்கும் நீட்டலாம். கடன் ஒப்புதல் தரும் முன்பே, அந்த இடத்தில் எத்தனை கிலோவாட் தர முடியும் என்று மின்வாரிய உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் வாங்கிக் கோப்பில் வைக்கும்படி மாவட்ட நிர்வாகம் ஓர் உத்தரவு போடலாம். விருதுநகர், மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்களில் ஒன்று. ஆய்வுக் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை; காலனிகளின் மும்முனை லைன் அந்தக் கூட்டங்களில் ஒரு பொருளாக வந்தால் போதும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியவை உண்டு. கொட்டேஷன் வாங்கும் முன் மெஷின் பட்டியலோடு மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போங்கள். வயரிங், எர்த், ஸ்டார்டர், இணைப்புக் கட்டணம் எல்லாவற்றையும் திட்ட அறிக்கையிலேயே செலவாக எழுதுங்கள். குறு உற்பத்தி நிறுவனங்களுக்கு 36 மாதங்களுக்கு மின்கட்டணத்தில் 20 விழுக்காடும், ஜெனரேட்டர் விலையில் 25 விழுக்காடும் மானியம் உண்டு. தொழில் மையத்தில் கேட்டால்தான் சொல்வார்கள். இணைப்புக்கு விண்ணப்பித்தால் பதிவு எண்ணையும் தேதியையும் பத்திரமாக வையுங்கள். இத்தனை நாளில் தர வேண்டும் என்று மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கெடு வைத்திருக்கிறது. தாண்டினால் இழப்பீடு கேட்கலாம். மின்பகிர்மான வட்டத்தில் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலே புகார்தான்.